கடலில்லாத ஊருக்கு வந்த கப்பல் துரை

என் வயதுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் சண்டைக்கு வருவார்கள். ‘வெள்ளைக்காரனுக்கு மாலை போட்டதைப் போய் எழுதுகிறாளே’ என்பார்கள். போட்டேன். இதோ இந்தக் கையால்தான் போட்டேன். எதற்காகப் போட்டேன் என்பதை முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

போன மாதம் பேரன் ஒரு கட்டுரையைப் படித்துத் தமிழில் சொன்னான். ஓர் ஆங்கிலேயக் கடற்படை விமானியின் உத்தியோக வாழ்க்கையைப் போற்றி அவர் நாட்டில் யாரோ எழுதியது. கப்பலின் மேல்தளத்திலிருந்து விமானம் ஓட்டியவர், பனிக்கடலில் விழுந்து பிழைத்தவர், கடைசியில் ஒரு விமானத் தளத்துக்கே தலைவராக இருந்தவர் என்று நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். எங்கள் ஊருக்கு அதில் ஒரே வரி. அங்கே ஒரு விபத்தில் காயம்பட்டாராம். விபத்து! அந்தச் சொல்லை என்னால் விழுங்க முடியவில்லை. நான் அங்கே இருந்தேன். என் அத்தை அங்கே இருந்தாள். அது விபத்து இல்லை.

எங்கள் ஊர் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஏரிக்கரை வழியாக நடந்து போகும் தூரம். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பட்டணத்தில் குண்டு விழும் என்று பயந்து மூட்டை முடிச்சோடு ஜனங்கள் மேற்கே ஓடிவந்து, பிறகு ஒன்றும் விழாததால் திரும்பிப் போயிருந்தார்கள். எங்களுக்கு யுத்தம் என்றால் மண்ணெண்ணெய் கிடைக்காதது, அரிசியில் கல், அத்தையின் புருஷன். அவர் ரங்கூனுக்கு வேலைக்குப் போனவர். ஜப்பான்காரன் அங்கே வந்தபின் ஒரு தகவலும் இல்லை. நடந்தே திரும்பி வந்த சிலர் அவரைக் காணவில்லை என்றார்கள். ஊர்ப் பெரியவர்கள் அத்தையைப் பொட்டை அழிக்கச் சொன்னார்கள். “செத்தத நீ பாத்தியா?” என்று ஒவ்வொருவரையும் கேட்டாள். பார்த்தேன் என்று சொல்ல ஒருவரும் இல்லை. பொட்டு அப்படியே இருந்தது, ஓர் அணா அகலத்துக்கு. அதைப் பார்த்தாலே சிலருக்கு எரிச்சல் வரும்.

என் நைனா, அத்தையின் அண்ணன், அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு உழுதவர். அந்த வருஷம் நவரைப் பட்டத்து நெல் பால் பிடித்து நின்றது. அப்போதுதான் விமானத் தளத்துக்கு நிலம் எடுக்க வந்தார்கள். கம்பம் நட்டார்கள், முள்கம்பி இழுத்தார்கள், ஒரு நாள் காலையில் பெரிய இரும்பு உருளை வண்டியைக் கொண்டுவந்து வரப்பில் நிறுத்தினார்கள். ஜீப்பிலிருந்து வெள்ளை உடுப்போடு ஒருவர் இறங்கினார். அதுவரை நாங்கள் பார்த்த பட்டாளத்துக்காரர்கள் எல்லாரும் காக்கி. இவர் கால் முதல் தொப்பி வரை வெள்ளை. இடது கையில் முழங்கை வரை நெருப்பில் வெந்து ஆறிய தோல், உரித்தெடுத்த கிழங்கு போலப் பளபளப்பாக இருந்தது. அவர்தான் துரை, அந்தக் கட்டுரையில் வந்தவர்.

கூட அவருடைய பட்லர். பாடி என்ற ஊர்க்காரர். துரைமார் வீட்டில் சமையல் செய்து இங்கிலீஷ் கற்றவர். துரை பேசுவதை நமக்கும் நாம் பேசுவதைத் துரைக்கும் சொல்வது அவர் வேலை.

அத்தை வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். “இன்னும் கொஞ்ச நாளு. அறுத்துக்கறோம். அப்பறமா எத்த வேணா உடு” என்றாள்.

பட்லர் சொன்னார். துரை தலையசைத்து மறுத்தார். மழைக்கு முன்னால் ஓடுபாதை முடிய வேண்டும், உத்தரவு என்றார். உருளை வண்டி கிளம்பியது. நைனா அத்தையைக் கையைப் பிடித்து இழுத்தார். நெல் சாய்ந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. பெரிய சத்தம் இல்லை. ஈரத்துணியை மிதித்தது போல ஒரு சத்தம். பச்சை வாசனை குப்பென்று வந்தது.

அத்தை துரையின் முகத்துக்கு நேராக, “ஒன்ன பெத்தவ ஒனக்கு சோறு போட்டதே இல்லியா?” என்று கேட்டாள்.

என்ன சொல்கிறாள் என்று துரை கேட்டார். பட்லர் எச்சில் விழுங்கிவிட்டு ஏதோ சொன்னார். துரை அத்தையைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார். அன்று மாலையே பட்லர் டீக்கடையில் சொல்லிச் சிரித்தாராம்: “குட்மார்னிங் சொல்றான்னு சொல்லிட்டேன். வேற இன்னா பண்றது? உள்ளத சொன்னா என் வேல போவும்.” அது அத்தை காதுக்கு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

நிலத்துக்காரருக்கு ஏதோ பணம் வந்தது. உழுதவருக்கு ஒன்றுமில்லை. யாருடைய வயல் போனதோ அவர்களே அதன் மேல் ஜல்லி கொட்டப் போனார்கள். அத்தை சித்தாள் வேலைக்குப் போனாள். நைனா தளத்துச் சமையலறையில் விறகு பிளக்கப் போனார்.

அந்தத் தளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களில் ரயிலிலிருந்து பார்த்தவர்கள் இருப்பீர்கள், உள்ளே பார்த்திருக்க மாட்டீர்கள். கடல் எங்கள் ஊரிலிருந்து ஒரு நாள் மாட்டுவண்டிப் பயணம். ஆனால் அந்த ஆட்களுக்குத் தளம்தான் கப்பல். மணி அடித்து நேரம் சொல்வார்கள். சமையலறைத் தரையைக் கப்பல்தளம் என்பார்கள். சாயங்காலம் வாசலைத் தாண்டி டீக்கடைக்கு வந்தால் ‘கரைக்குப் போகிறோம்’ என்று சொல்வார்களாம். பட்லர் சொல்லித்தான் தெரியும். எங்கள் ஊர்ச் சிறுசுகள் அதைப் பிடித்துக்கொண்டோம். ஏரிக்கு வெளிக்குப் போகும்போதுகூடக் ‘கரைக்குப் போறேன்’ என்றுதான் சொல்வோம்.

விமானங்கள் இறக்கையை மடக்கும். நம்பவே மாட்டீர்கள். கீழே இறங்கி ஓடி நின்றதும் கொக்கு மாதிரி இறக்கையை மடக்கி உடம்போடு வைத்துக்கொள்ளும். கப்பலில் இடம் குறைவு, அதனால் அப்படி. வாலுக்கு அடியில் ஒரு கொக்கி இருக்கும். கப்பலில் இறங்கும்போது குறுக்கே கட்டிய கயிற்றைப் பிடித்து நிற்பதற்கு. துரை அப்படி எத்தனையோ முறை இறங்கியவர் என்று பட்லர் சொன்னார். கடலில் இரண்டு தடவை விழுந்தாராம். கை வெந்தது அங்கேதான். ஓய்வாக இருக்கட்டும் என்றுதான் அவரை எங்கள் ஊர்த் தளத்துக்குத் தலைவராக்கி அனுப்பினார்களாம். ஆனால் அவர் நாற்காலியில் உட்காரவில்லை. காலையில் எந்த விமானம் பழுது பார்த்து வெளியே வந்தாலும் முதலில் அவர்தான் ஏறி ஓட்டுவார். “மத்தவன ஏத்தறதுக்கு முன்னாடி தான் ஏறுவாரு, அப்பிடி ஒரு மனுசன்” என்று பட்லர் சொல்வார். “பயிரு மேல ஏத்தறதுக்கு முன்னாடி யோசிச்சாரா?” என்பாள் அத்தை.

கோடை விடுமுறையில் நானும் அத்தையோடு போனேன். எனக்கு ஒன்பதோ பத்தோ இருக்கும். ஓடுபாதையின் கடைசியில், கம்பிக்குப் பக்கத்தில் ஒரு பூவரச மரம் தப்பிப் பிழைத்திருந்தது. சித்தாள்கள் அதன் கிளைகளில் தூளி கட்டிக் கைக்குழந்தைகளைப் போட்டுவிட்டுப் போவார்கள். ஆட்டிக்கொண்டும் ஈ ஓட்டிக்கொண்டும் இருப்பது என் வேலை. தார் காயும் வாசனை, குழந்தைகளின் மூத்திர வாசனை, காய்ந்த ஏரிச் சேற்றின் வாசனை மூன்றும் கலந்த காற்று. பழைய விமானத்திலிருந்து கழற்றிப் போட்ட ஒரு கண்ணாடித் துண்டு எனக்குக் கிடைத்தது. கீழே போட்டால் உடையாது, தேய்த்தால் பழவாசனை அடிக்கும். பட்லர் அதைச் சூடான கம்பியால் துளைத்து மோதிரமாக்கித் தந்தார். எப்போது தொலைத்தேன் என்றே தெரியவில்லை. அதுபோல ஒரு மோதிரம் பிறகு எந்தக் கடையிலும் நான் பார்க்கவில்லை.

இப்போது கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும், கவனமாகக் கேளுங்கள். ஓடுபாதை பாதி முடிந்ததுமே விமானங்கள் இறங்க ஆரம்பித்துவிட்டன. மீதிப் பாதியில் வேலை நடந்தது. பெண்கள் ஓடுபாதைமேல் ஏற வேண்டுமென்றால் ஓரத்துக் கம்பத்தில் சிவப்புக் கொடி ஏற்ற வேண்டும். கொடி ஏறியிருந்தால் விமானம் இறங்கக் கூடாது. கொடி இல்லையென்றால் பெண்கள் ஏறக் கூடாது. சட்டம் அவ்வளவுதான், எனக்கே புரிந்தது.

ஆனால் கொடி ஏற்ற வேண்டுமானால் விமானங்களைக் கவனிக்கும் கோபுரத்தில் இருக்கும் அதிகாரியிடம் அனுமதி கேட்க வேண்டும். அவர் காத்திருக்கச் சொல்வார். வேலை தாமதமாகும். வேலையை எடுத்த கான்ட்ராக்டருக்கு மழைக்கு முன் முடித்தாக வேண்டும். பட்டணத்திலிருந்து வந்தவர் அவர், சரிகைத் துண்டும், வெள்ளைக்காரர்கள் வெயிலுக்குப் போடும் சோலா தொப்பியும் போட்டிருப்பார். “ஒண்ணும் வராதும்மா, நான் பாத்துக்கறேன், போங்க போங்க” என்று கொடி இல்லாமலே பெண்களை ஏற்றிவிடுவார். சத்தம் கேட்டால் கூடையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். சில நாள் ஓடினார்கள்.

அத்தை ஒருமுறை அவரிடம் கேட்டே விட்டாள்: “கொடி எங்க ஐயா?”

“கொடி இன்னா சோறு போடுமா? வேலைய பாரு.”

அந்தக் காலையில் காற்றே இல்லை. பெண்கள் ஓடுபாதையின் நடுவில் வரிசையாக உட்கார்ந்து ஜல்லி பரப்பிக்கொண்டிருந்தார்கள். வெறும் கம்பம் நின்றது. நான் தூளி ஆட்டிக்கொண்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் உச்சியில் ஒரு கரிச்சான் குருவி உட்கார்ந்திருந்தது. கொடி இருந்திருந்தால் அது அங்கே உட்கார்ந்திருக்காது.

விமானம் வந்தது எங்களுக்குக் கேட்கவில்லை. அதன் இயந்திரம் நின்றுபோயிருந்தது. ஏரிக்கு அப்பால் ஒரு புள்ளி, பிறகு ஒரு நிழல், பிறகு காற்றைக் கிழிக்கும் ஒரு சீறல். ஓடுபாதைக்கு நேராக, தாழ்வாக வந்தது. பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஓடுவதற்கு நேரமில்லை. சிலர் அப்படியே குப்புறப் படுத்தார்கள். அத்தை மட்டும் எழுந்து நின்றாள். ஏன் நின்றாள் என்று பின்னால் கேட்டேன். “படுத்து சாவறத விட நின்னு பாக்கலாம்னு தோணுச்சி” என்றாள்.

விமானம் ஒரு பக்க இறக்கையைச் சாய்த்தது. அவ்வளவு தாழ்வில் அப்படிச் சாய்த்தால் என்ன ஆகும் என்று அதை ஓட்டியவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் சாய்த்தார். அத்தையின் தலைக்கு மேலே நிழல் திரும்பியது. பூவரச மரத்தின் இலைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன. மூக்கைத் திருப்பிக்கொண்டு விமானம் ஏரிக்குள் போய் விழுந்தது. கோடையில் ஏரியின் நடுவில் முழங்கால் தண்ணீரும் இடுப்பளவு சேறும் இருக்கும். சேறு பனை உயரத்துக்கு எழும்பி விழுந்தது.

முதலில் ஓடியது அத்தைதான். மற்ற பெண்களும் ஓடினார்கள். சேறு அவர்களை விழுங்கப் பார்த்தது. அத்தை கரையைப் பார்த்துக் கத்தினாள்: “ஏய், தூளிய அவுத்துக்கினு வாடி!”

குழந்தைகளைத் தரையில் கிடத்திவிட்டு ஒவ்வொரு தூளியாக அவிழ்த்தேன். அத்தனையும் சேலைகள். குழந்தைகள் எல்லாம் வீறிட்டு அழுதன. நான் சேலைகளை அள்ளிக்கொண்டு ஓடினேன். பெண்கள் ஒன்றோடொன்று முடிந்து கயிறாக்கினார்கள். ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு அத்தை விமானத்துக்குப் போனாள். பெட்ரோல் வாசனை கண்ணைக் கரித்தது. கண்ணாடி மூடியைத் தள்ளி, அக்குளில் கை கொடுத்து, அவரைச் சேற்றில் இழுத்தாள். மற்றவர்கள் கரையிலிருந்து சேலையை இழுத்தார்கள். தளத்து வண்டி கரையைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் துரை புல்லில் கிடந்தார். வலது கால் வளையக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது. வெள்ளை உடுப்பு முழுக்கக் கறுப்பு.

அவர் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது.

“திட்றான் போல” என்றாள் ஒருத்தி.

“திட்டட்டும். தண்ணி குடு” என்றாள் அத்தை.

அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாளே ஆரம்பித்தது. பெரிய அதிகாரிகள் பட்டணத்திலிருந்து வந்து விசாரித்தார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை. கான்ட்ராக்டரைக் கேட்டார்கள். கொடி இறங்கியிருந்தது, நான் ஏற வேண்டாம் என்றுதான் சொன்னேன், இந்தப் பெண்கள் படிக்காத ஜனம், பேச்சுக் கேட்காமல் ஏறிவிட்டார்கள் என்று அவர் சொன்னார். ஒருத்திதான் எல்லாரையும் கிளப்பிவிட்டவள் என்று அத்தையைக் காட்டினார். பெண்கள் எல்லாரையும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

ஊர் என்ன சொன்னது? துரையும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருப்பார் என்றது. தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள வெள்ளைக்காரன் நம்மேல்தானே போடுவான் என்றது. நைனா அப்படித்தான் நினைத்தார். அத்தையும் அப்படித்தான் நினைத்தாள். “சேத்துல கெடந்தப்ப புடிச்ச கைய இப்ப ஒதறிட்டான் பாரு” என்றாள். அவள் தப்பாக நினைத்த விஷயங்கள் குறைவு. அதில் இது ஒன்று. அவளைக் குறை சொல்ல மாட்டேன். பயிர்மேல் உருளை விட்டவனைப் பற்றி வேறு எப்படி நினைப்பாள்?

வீட்டில் கூழ் தண்ணீரானது. சில வாரங்கள் கழித்துக் கான்ட்ராக்டரே வீட்டுக்கு வந்தார். துரையைத் திருப்பி அனுப்புகிறார்கள், தளத்தில் பாராட்டு விழா, ஊர் சார்பில் மாலை போட வேண்டும் என்றார். என்னைச் சுட்டினார். “இந்தப் பொண்ணு போடட்டும். ரெண்டு வரி சொல்லணும், அவ்ளோதான். பொம்பளைங்க எல்லாரும் வந்து பின்னால ஒக்காரணும். முடிஞ்சதும் மறுநாளே வேலை.”

இரண்டு வரியைச் சொல்லிக்கொடுக்க அவருடைய குமாஸ்தா வந்தார். அறியாமையால் எங்கள் ஊர்ப் பெண்கள் செய்த பிழையைத் தாங்கள் பொறுத்தருள வேண்டும். அதுதான் வரி. ‘பொறுத்தருள’ என் வாயில் நுழையவில்லை. நாள் முழுக்கச் சொல்லிப் பார்த்தேன்.

அத்தை கேட்டாள்: “கம்பத்துல கொடி இருந்துச்சாடி?”

“இல்ல அத்தே. கரிச்சான் ஒக்காந்துகினு இருந்துச்சி.”

“அப்ப எதுக்குடி மன்னிப்பு?”

நைனா சீறினார். “சும்மா இரு. கொயந்த மனச கலைக்காத. ரெண்டு வரி சொன்னா இன்னா கொறஞ்சி பூடும்? அடுப்புல இன்னா கீதுன்னு பாத்தியா நீ?”

“அடுப்புல ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும் அண்ணாத்தே. அதுக்காவ இல்லாதத ஒத்துக்கினா, நாளைக்கு இன்னொருத்தி தலைல ஏத்துவான். அப்பவும் நம்மளயே மன்னிப்பு கேக்க சொல்லுவான்.”

நைனா வெளியே போய்விட்டார். அத்தை என்னிடம் சொல்லாதே என்றும் சொல்லவில்லை, சொல் என்றும் சொல்லவில்லை. தலை வாரிப் பின்னிவிட்டாள். வழக்கத்தைவிட இறுக்கமாகப் பின்னினாள்.

விழா தளத்துக்குள்ளே, ஒரு பெரிய பந்தலில். முன்னால் நாற்காலிகளில் அதிகாரிகள், சிப்பாய்கள் வரிசையாக, கடைசியில் தரையில் எங்கள் பெண்கள். பேண்டு வாசித்தார்கள். ஓர் அதிகாரி வெகுநேரம் இங்கிலீஷில் பேசினார். துரையின் உத்தியோகத்தைப் பற்றி, கப்பல்களைப் பற்றி, அவர் செய்த வீரச்செயல்களைப் பற்றி என்று பட்லர் மெல்ல எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். துரை இரண்டு ஊன்றுகோல்களை அக்குளில் வைத்துக்கொண்டு மேடையில் நின்றார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. வலது கால் கட்டையாக நீட்டிக்கொண்டிருந்தது.

என் கையில் மாலை. சம்பங்கியும் மருக்கொழுந்தும் கட்டிய கனமான மாலை, தண்ணீர் தெளித்து வைத்திருந்ததால் என் பாவாடையை நனைத்தது. மேடையேறினேன். கான்ட்ராக்டர் கண்ணைக் காட்டினார். ஆரம்பித்தேன்.

“அறியாமையால்…”

அதற்குமேல் வரவில்லை. மறக்கவில்லை. அந்தச் சொற்கள் அப்படியே நாக்கில் இருந்தன. துரையின் கால் என் கண் முன்னால் இருந்தது. குமாஸ்தா கீழேயிருந்து “எங்கள் ஊர்ப் பெண்கள், எங்கள் ஊர்ப் பெண்கள்” என்று எடுத்துக்கொடுத்தார்.

“கொடி ஏத்தவே இல்ல” என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். பேண்டுக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

கான்ட்ராக்டர் பாய்ந்து வந்து இங்கிலீஷில் என்னவோ சிரித்துக்கொண்டே சொன்னார். குழந்தை பயந்துவிட்டது என்றிருப்பார். அப்போது பந்தலின் கடைசியில் அத்தை எழுந்தாள். நடுவழியே நடந்து வந்தாள். ஒரு சிப்பாய் மறித்தான். துரை கையை அசைத்தார், அவன் விலகினான். அவள் மேடைக்குக் கீழே நின்றுகொண்டு பேசியது துரையிடம் இல்லை, பட்லரிடம்.

“அண்ணாத்தே, அன்னிக்கி பயிரு மேல வண்டி உட்டப்போ நான் சொன்னத நீ மாத்திச் சொன்னே. போவட்டும். இன்னிக்கி மாத்துனே, அப்பறம் ஒன் மூஞ்சில நான் முயிக்க மாட்டேன்.”

பட்லருக்கு வேர்த்துக் கொட்டியது. கான்ட்ராக்டரைப் பார்த்தார், துரையைப் பார்த்தார். “சொல்லும்மா” என்றார்.

“கொடி ஏத்தல. ஏறச் சொன்னது இந்தாளு. கொடி எங்கன்னு நான் கேட்டேன், கொடி சோறு போடுமான்னு கேட்டாரு. நாங்க பேச்சு கேக்காம ஏறல. பேச்ச கேட்டுத்தான் ஏறினோம். இவரு எங்க மேல எழுதிக் குடுத்தது பொய்யி. நீயும் எழுதிக் குடுத்திருந்தா அதுவும் பொய்யி.”

பட்லர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார். எங்கும் நிறுத்தவில்லை. எனக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டாலும், இந்த முறை மாற்றவில்லை என்பது அந்த அதிகாரிகளின் முகத்திலேயே தெரிந்தது. ஓர் அதிகாரி எழுந்து பேச்சை முடிக்கப் பார்த்தார். துரை அவரைப் பார்க்காமலே பேச ஆரம்பித்தார். நிறுத்தி நிறுத்திப் பேசினார், பட்லர் சொல்ல வேண்டும் என்பதற்காக.

“தொரை இன்னா சொல்றாருன்னா… கம்பம் மொட்டையா இருந்தத அவரு மேலேர்ந்து பாத்தாராம். கேட்டவங்க கிட்ட அத அப்பவே சொன்னாராம். மறுபடியும் கேட்டாங்களாம், மறுபடியும் அதையே சொன்னாராம். கூலிக்காரிங்களுக்காவ நல்ல விமானத்த ஏன் ஒடச்சேன்னு கேட்டாங்களாம். கீழ பொம்பளைங்க இருந்தாங்கன்னு சொன்னாராம். அதுக்கு மேல சொல்றதுக்கு அவருகிட்ட ஒண்ணும் இல்லியாம்.”

துரை இன்னும் ஏதோ கேட்டார். பட்லர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

“அன்னிக்கி சேத்துல கெடந்தப்ப ஒன்னத் திரும்பத் திரும்பக் கேட்டாராம். யாருக்காச்சும் அடிபட்டுச்சான்னு. பதிலே வரலியாம். இன்னி வரைக்கும் அவருகிட்ட யாரும் சொல்லலியாம். கேக்கறாரு.”

அத்தை மேடைக்கு இன்னும் ஓர் அடி கிட்டே வந்தாள். பிறகு சொன்னாள்: “ஒருத்திக்கும் இல்லன்னு சொல்லு. ஒரு கீறல் கூட இல்லன்னு சொல்லு.”

துரை கண்ணை மூடித் திறந்தார்.

அத்தை என் பக்கம் திரும்பினாள். “இப்ப போட்றி மாலைய.” நான் நகர்வதற்குள் கையைத் தூக்கி நிறுத்தினாள். “இரு. அண்ணாத்தே, இதையும் சொல்லு. இந்த மாலை, ஏரி பக்கம் திருப்பினாரே, அதுக்கு. எங்க பயிர மிதிச்சாரே, அதுக்கு இல்ல.”

பட்லர் சொன்னார். துரை அத்தையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

“அது உத்தரவாம். மறுபடி உத்தரவு வந்தா மறுபடியும் அதத்தான் செய்வாராம். ஒங்கிட்ட பொய் சொல்ல மாட்டாராம்.”

“சரி. அப்ப அதுக்கு மாலை இல்ல.”

“அதுக்கு வோணாமாம்.”

அவரால் குனிய முடியவில்லை. நான் மேடை விளிம்பில் இருந்த ஒரு பெட்டிமேல் ஏறிப் போட்டேன். தொப்பியைக் கழற்றி, கோல் நழுவிவிடாமல் ஒரு தோளால் பந்தல் கம்பத்தில் சாய்ந்துகொண்டு, தலையைக் கொடுத்தார். மருக்கொழுந்துத் தண்ணீர் அவர் பதக்கங்களின் மேல் சொட்டியது. அந்தப் பதக்கங்களை எதற்காகக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் அவருக்கும் உள்ள விஷயம் அது. நாங்கள் எங்களுக்குத் தெரிந்த ஒன்றுக்குக் கொடுத்தோம். இதைத்தான் என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன். வெள்ளைக்காரன் என்பதற்காக அந்த ஒன்றை மறைக்கச் சொன்னால் மறைக்க மாட்டேன். அந்த ஒன்றுக்காக நெல்லை மிதித்ததை மன்னிக்கச் சொன்னாலும் மன்னிக்க மாட்டேன்.

துரை இரண்டு நாளில் போனார். கால் இனி சரியாகாது, விமானம் ஓட்ட முடியாது என்று பட்லர் சொன்னார். கால் போனதால் அனுப்பினார்களா, வாயை மூடாததால் அனுப்பினார்களா என்று கேட்டோம். அவருக்கும் தெரியவில்லை.

கான்ட்ராக்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகும் என்று நினைத்தீர்களா? அவர் மறுநாள் ஆள் அனுப்பினார். பெண்கள் எல்லாரும் வேலைக்கு வரலாம், அந்த ஒருத்தி மட்டும் வேண்டாம் என்றார். அத்தை, “போங்கடி, புள்ளைங்க பட்டினி கெடக்குது” என்றாள். ஒருத்தியும் போகவில்லை. யாரும் கூடிப் பேசவில்லை, சத்தியம் செய்யவில்லை. அவரவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேன் பார்த்தார்கள், வறட்டி தட்டினார்கள். நைனாவும் விறகு பிளக்கப் போகவில்லை. கேட்டதற்கு முதுகு வலிக்கிறது என்றார்.

மேற்கே மேகம் கூட ஆரம்பித்தது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ உச்சி வெயிலில் கான்ட்ராக்டரே எங்கள் தெருவுக்கு வந்தார். சரிகைத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னாதாம்மா வோணும் உங்களுக்கு? அவளும் வரட்டும், போதுமா?”

“போதாது” என்றாள் அத்தை. “மொதல்ல கொடி. நாங்க கண்ணால பாத்தப்பறம்தான் காலு வெப்போம். ஏத்தறது நானு, எறக்கறதும் நானு. எங்க ஆளுங்க அத்தினி பேரும் தாரு ரோட்ட உட்டு எறங்குன அப்பறம்தான் எறக்குவேன்.”

அவர் கோபுரத்து அதிகாரியைக் கேட்க வேண்டும் என்றார். “கேட்டுட்டு வா” என்றாள். போய்க் கேட்டுக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை நான் பூவரச மரத்தடியில் தூளிகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். பெண்கள் கூடைகளோடு ஓடுபாதையின் ஓரத்தில், மண்ணில் நின்றார்கள். ஒருத்தி காலும் தாரில் படவில்லை. அத்தை கயிற்றைப் பிடித்துக் கை மாற்றிக் கை மாற்றி இழுத்தாள். கொடி உச்சிக்குப் போய் விரிந்தது. முடிச்சுப் போட்டாள், இழுத்துப் பார்த்தாள், பிறகு திரும்பித் தலையசைத்தாள். எல்லாரும் ஏறினார்கள்.

வேலை பாதியில் இருக்கும்போது ஏரிக்கு அப்பாலிருந்து ஒரு விமானம் வந்தது. பெண்களின் கைகள் ஒரு கணம் நின்றன. அது தாழ்ந்து வந்தது, கொடியைப் பார்த்தது, உறுமிக்கொண்டு மேலே ஏறியது. ஒரு வட்டம் அடித்தது. இன்னொரு வட்டம் அடித்தது. கான்ட்ராக்டர் ஓரத்தில் நின்று சீக்கிரம் சீக்கிரம் என்று கத்தினார்.

அத்தை கூடையிலிருந்த ஜல்லியைக் கொட்டினாள். உட்கார்ந்து, அதைக் கையால் சமமாகப் பரப்பினாள். “காத்துக்கினு நிக்கட்டும்” என்றாள்.

மேலே அது சுற்றிக்கொண்டே இருந்தது.